வீடு இருக்க ஏன் காட்டில் படுக்கிறீர்கள்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கத்தார் என்னை நீரிழிவு பற்றிப் பேசச் சொல்லித்தான் கேட்டார்கள். வைத்தியரைக் கண்டால் எல்லோருக்கும் அதுதான் நினைவு வரும். விழா நாளில் சாப்பாட்டுக்கு முன் சீனியைப் பற்றிப் பேசி உங்கள் பலகாரத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் கணவரும் அவுஸ்திரேலியாவில் ஒரு பழைய வானில் ஊர் சுற்றுவதையும் காடுகளில் நடப்பதையும் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கினேன். சீனிக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

வான் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மடுவுக்கும் கொழும்பு விமான நிலையத்துக்கும் நாங்கள் வாடகைக்குப் பிடிக்கிற அதே டொயோட்டா ஹையேஸ்தான். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கணவர் பலகையால் ஒரு கட்டில் அடித்தார். கட்டிலுக்குக் கீழே உடுப்பும் அரிசியும். ஒற்றை கேஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கான், சின்னக் குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மடக்குக் கதிரை. உள்ளே மீன் குழம்பு வைத்தால் மணம் மூன்று நாளைக்குப் போகாது. அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவோம். இதை அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அனுமதிப்பத்திரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நெடும்பயணம் என்றால் பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் தூரம் அப்படிச் சும்மா விடாது. பேர்த்திலிருந்து வடக்கே டார்பி நகருக்கு 2,300 கிலோமீற்றருக்கு மேல். மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி, பிறகும் பல தடவை போய்வருகிற தூரம். வழியில் 50 மீற்றர் நீளமான லொறிகள் வரும். பொழுது பட்டால் கங்காருக்கள் வீதிக்கு வரும் என்பதால் இருட்டில் ஓட்டுவதில்லை என்பது எங்கள் சட்டம்.

அம்மா எங்களிடம் சில மாதம் வந்து நின்றபோது இந்த வானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. பிறகு கேட்டா, "வீடு வாசல் இருக்கேக்க ஏன் பிள்ளை காட்டுக்க போய்ப் படுக்கிறியள்?"

அது சும்மா கேட்ட கேள்வி அல்ல. 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. பள்ளிமுனையை விட்டு வெளியேறி மடுவில் போய் இருந்தோம். ஐ.நா. அகதிகள் நிறுவனம் அங்கே முகாம் திறந்திருந்தது. தறப்பாளுக்குக் கீழே, காட்டின் நடுவே, நித்திரை வராத இரவுகள். இங்கே இருக்கிற என் வகுப்புத் தோழிகளில் பாதிப்பேர் அந்தத் தறப்பாள்களுக்குக் கீழே இருந்தவர்கள்தான். மற்றப் பாதிப்பேர் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர்கள். வீதி என்றால் பாஸும் சோதனைச் சாவடியும், காடு என்றால் ஒளிக்கிற இடம். சண்டை முடிந்த பிறகும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை, கண்ணிவெடி, ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதே என்ற எச்சரிக்கை. அப்படி வளர்ந்த ஒருத்தி சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொண்டு காட்டில் போய்ப் படுப்பதை அம்மாவால் எப்படி விளங்கிக்கொள்ள முடியும்?

ஆனால் அம்மாவுக்கு இன்னொரு காடும் தெரியும். ஆவணித் திருவிழாவுக்கு மாட்டு வண்டியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் அரிசி மூட்டை, சட்டி பானை, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு மடுவுக்குப் போய், மரத்துக்குக் கீழே கொட்டில் போட்டு, நாள்கணக்காகச் சமைத்துச் சாப்பிட்டுக் கிடந்த காடு. எங்கள் வானைவிட அந்தப் பெட்டியில் வசதி குறைவு, ஆட்கள் கூட, சந்தோஷமும் கூட. ஒரே காடுதான். ஒருக்கால் திருவிழா, ஒருக்கால் அகதி முகாம். இடையில் எது மாறியது என்று நான் கன நாள் யோசித்திருக்கிறேன்.

அதற்குப் பதில் மாதிரி ஒன்று எனக்கு பிபுல்மன் பாதையில்தான் கிடைத்தது. பேர்த்துக்குக் கிழக்கே கலமுண்டாவில் தொடங்கித் தெற்குக் கரையில் அல்பனி வரை, காட்டுக்குள்ளால் ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர். நடப்பவர்களுக்கு மட்டும்; சைக்கிளுக்குக்கூட இடமில்லை. நூங்கார் என்ற அந்த மண்ணின் ஆதிக்குடிகளில் ஒரு பிரிவினரின் பெயரைத்தான் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். மரங்களில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் அவர்களுடைய வானவில் பாம்பின் உருவம். அந்த முக்கோணத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தால் வழி தவறாது. ஒருநாள் நடை தூரத்துக்கு ஒன்றாக 49 தங்குமிடம். மூன்று பக்கம் மறைத்த ஒரு கொட்டில், மழைநீர்த் தாங்கி, மலசலகூடம், வருகிறவர்கள் பெயரும் நாளும் எழுதுகிற ஒரு கொப்பி. அவ்வளவுதான். முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க ஆறு, ஏழு கிழமையாவது வேண்டும். நாங்கள் வேலைக்காரர், வானை ஒரு சிற்றூரில் விட்டுவிட்டு மூன்று நாள், நான்கு நாளாகத் துண்டு துண்டாக நடக்கிறோம்.

அந்தக் கொப்பியில் முதல் தடவை என் பெயரை எழுதியபோது கொஞ்சம் கை நடுங்கியது. பெயரைப் பதிவது என்றால் சோதனைச் சாவடி என்று பழகிய கை. இங்கே அதே பதிவு, நான் திரும்பி வராவிட்டால் என்னைத் தேடி வருவதற்காக. தொலைபேசி அலைவரிசை கிடைக்காத இடங்களுக்குக் கையடக்கமான ஒரு கருவி கொண்டுபோவோம். உயிராபத்து என்றால் அதன் பொத்தானை அழுத்த வேண்டும். செய்மதி வழியாக மீட்புக்குழுவுக்குச் செய்தி போகும். குறியும் தண்ணீரும் இருந்து, நீ காட்டுக்குள் இருக்கிறாய் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்தும் இருந்தால், காட்டில் பயம் பாதி போய்விடும். மடுத் திருவிழாவில் எங்களுக்கு இருந்ததும், 1990இல் இல்லாமல் போனதும் இதுதான்.

சில நடைபாதைகளின் வாசலில் ஒரு தூரிகை வைத்திருப்பார்கள். சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் வேரை அழுகச் செய்து ஜரா மரங்களைக் கொல்கிறது. சப்பாத்தோடும் சில்லோடும் ஒட்டிய சேற்றில்தான் அது இடம் மாறுகிறது. வாட்டுக்குள் போகுமுன் கை கழுவுகிற எனக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அம்மாவை வோல்போல் பக்கம் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே டிங்கிள் என்ற மரங்கள், அடியில் 20 மீற்றர் வரை சுற்றளவு. ஒரு காலத்தில் வருகிறவர்கள் ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் காரைவிட்டுப் படம் எடுப்பார்களாம். மிதிபட்டு மிதிபட்டு வேரடி மண் இறுகி, 1990இல் அந்த மரம் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் வேரை மிதிக்காமல் பார்ப்பதற்காக 40 மீற்றர் உயரத்தில் இரும்பு நடைபாலம் அமைத்து 1996இல் திறந்தார்கள். சக்கர நாற்காலியும் போகலாம். அம்மா பாலத்தில் ஏறமாட்டேன் என்றா. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுவதும் நடந்தா. கீழே வந்து ஒரு மரத்தடியில் நின்று, "இது எங்கட பெருக்கமரத்தின்ர மொத்தம் வரும்" என்றா.

சரியாகத்தான் சொன்னா. பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர்தான். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதென்று சொல்கிறார்கள். அதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்கில் வளர்கிறது, போவாப் என்பார்கள். டார்பிக்குப் பக்கத்தில் 'சிறை மரம்' என்று பெயர்பெற்ற ஒரு கிழட்டு போவாபைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் ஓடினோம். ஆதிக்குடிக் கைதிகளை அதற்குள் அடைத்தார்கள் என்ற கதைக்குச் சான்றில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆதிக்குடிகளுக்கு அது மதிப்புக்குரிய இடம். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். எங்கள் மரத்தை நாங்கள் சின்ன வயதில் ஏறி விளையாடித் தேய்த்தோம். லீவுக்கு வருகிற உறவினரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் வானைத் தள்ளி நிறுத்துங்கள். பட்டையில் பெயர் வெட்ட விடாதீர்கள். இதைப் பள்ளிமுனைக்காரி என்ற உரிமையில் கேட்கிறேன்.

இனி அந்த ஒரு நிமிடம். தெற்காசியருக்கு மற்றவர்களைவிட இளவயதிலேயே நீரிழிவு வருகிறது. நடை உதவும். சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. தடி ஊன்றி இறங்குங்கள். நீரிழிவுள்ளவர்கள் இரவில் பாதத்தை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு உட்பட. மருந்து எடுப்பவர்கள் நெடுநடைக்கு முன் உங்கள் வைத்தியரிடம் அளவு கேளுங்கள். நிமிடம் முடிந்தது.

வெளிநாட்டுப் பாதைகளைப் புகழ்ந்துவிட்டுப் போக நான் வரவில்லை. எங்கள் கரையிலிருந்தே ஒரு நெடும்பாதை தொடங்குகிறது. தோட்டங்களுக்கு வந்த மலையகத் தமிழர் இந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். குறியில்லை, தண்ணீர்த் தாங்கியில்லை, பெயர் எழுதக் கொப்பியில்லை. பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்து 200 ஆண்டானதை நினைத்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு, 16 நாள் நடந்து, ஓகஸ்ட் 12இல் மாத்தளை போய்ச் சேர்ந்தார்கள் அவர்களுடைய வழித்தோன்றல்களும் மற்றவர்களும். அந்தப் படங்களை நான் பேர்த்தில் இருந்து பார்த்தேன்.

அந்தப் பாதையில், எங்கள் மாவட்டத்துக்குள் வருகிற துண்டிலாவது, நாலு இடத்தில் நிழலும் குடிதண்ணீரும் யார் நடந்த வழி என்று சொல்கிற ஒரு பலகையும் வைக்கலாமே என்பது என் ஆசை. பழைய மாணவிகள் சங்கத்துக்கு அது தாங்க முடியாத செலவு அல்ல. நானும் கணவரும் நாளை காலை ஐந்து மணிக்குத் தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து பேசாலை வரை நடக்கப் போகிறோம். பேசாலையில் இடியப்பமும் சொதியும் சொல்லி வைத்திருக்கிறது. வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் பெயர் தந்தால் ஆள் கணக்குச் சொல்ல வசதியாக இருக்கும். அம்மாவும் வாறா, ஆனால் வானில்.