தனித்துப் பாடுவோரும் சிற்றவையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இசையைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இசையிலக்கணத்தை விரித்துரைக்க யாம் புகவில்லை. துணைக்கு ஒருவருமின்றி, ஒரு வீணையோ குழலோ கித்தாரோ ஏந்தி, ஐம்பது பேர் கூடிய சிற்றவையிலே பாடி அவ்வருவாயால் குடும்பம் புரக்கும் இசைவாணரைக் குறித்தே பேச விழைகின்றோம். நம் இல்லத்து வளைகாப்பிற்கும் காதணி விழாவிற்கும் மணிவிழாவிற்கும் அவரை அழைப்போர் நாமே. நம் பிள்ளைகளுள்ளும் சிலர் இப்பொழுது அத்தொழிலை நாடுகின்றனர். ஆதலின் இது நம் குடும்பங்கள் ஆழ்ந்து கருதற்குரிய பொருளாகும்.

“பல வாயில்களிற் சென்று பாடிப் பொருள் பெறுதல் இரத்தலை ஒக்குமன்றோ?” எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். இவ்வினாவிற்கு நம் முன்னோர் நூல்களே விடையிறுக்கின்றன. பத்துப்பாட்டு என்னும் தொகையிலுள்ள பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவன்பால் நெறிப்படுத்துவது. எஞ்சிய நான்கும் பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர் ஆகிய கலைஞரைப் பற்றியன. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, “இவ்வழியே செல்க; இன்னவனைக் காண்க; அவன் நின் கலையறிந்து போற்றுவான்” என்று வழிகூறுவதே ஆற்றுப்படை. தான் பெற்ற வாயிலைப் பிறனுக்கு மறையாது காட்டும் அவ்வுள்ளத்தை இலக்கியமாக்கிப் போற்றிய நாடு நம் நாடு. அத்தொழிலை இழிதொழில் எனல் யாங்ஙனம் பொருந்தும்?

முடத்தாமக்கண்ணியார் இயற்றிய பொருநராற்றுப்படை 248 அடிகளை உடையது. அதன் தொடக்கத்தே தோன்றும் பொருநன், ஓர் ஊரில் விழா முடிந்த மறுநாள், அங்குக் கிடைக்கும் சோற்றை விரும்பித் தங்காது வேற்றூர் நோக்கிப் புறப்படுகின்றான். அவன் தன்மதிப்பு அத்தகையது. கரிகாற்பெருவளத்தானோ தன்னிடம் வந்த பொருநனுக்கு உணவும் உடையும் நல்கிப் பல நாள் ஓம்பினான். அவன் விடைபெறும்பொழுது ஏழடி பின்சென்று வழிவிட்டான். முடிவேந்தன் ஒருவன் தடாரி கொட்டிப் பாடுவோன் பின்னே ஏழடி நடந்தான் என்பதை நம் இல்லத்தார் நெஞ்சிற் பதித்தல் நன்று.

புறநானூற்றின் 208ஆம் பாட்டு இன்னும் கூர்மையானது. அதியமான் நெடுமானஞ்சி, தன்னை நாடிவந்த பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவர் அதனை ஏற்றிலர். தம்மைக் கண்டு, தம் தகுதி அறிந்து, தினையளவு தரினும் அதுவே இனிது என்பது அவர் கருத்து. அவர் புலவரேயெனினும் இசைவாணர்க்கும் இந்நெறி ஒக்கும். கேட்டுப் பின் கொடுப்பது சிறப்பு. கேளாது கொடுப்பது கூலி. கேளாமலும் கொடாமலும் விடுத்தலோ கொடுமை.

சிற்றவை என்றால் சிறுமையுடையது என நினைப்பாரும் உளர். வீணை தனம்மாள் (1867–1938) வரலாற்றை அன்னோர் நோக்குக. சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வீணை மீட்டுவார். அவ்வறையிற் கூடினோர் சிலரே. ஆயினும் இசைவல்லுநரும் நுண்சுவைஞரும் அச்சிலருள் அடங்குவர். வீணையின் மெல்லொலி செவிக்கு எட்டும்படி அனைவரும் அடங்கி அமர்ந்திருந்தனர். அவ்வில்லத்து இசைமரபிலேயே அவர்தம் பேர்த்தியரான டி. பிருந்தாவும் டி. பாலசரஸ்வதியும் வளர்ந்தனர். முன்னவர் இசையிலும் பின்னவர் பரதத்திலும் நாடறிந்த புகழ் எய்தினர். ஒரு சிற்றறை ஒரு பெருமரபைக் காத்தது. அதனைக் காத்ததில், கேட்போர் தந்த அமைதிக்கும் பங்குண்டு.

இனி நம் இல்லங்களில் நிகழ்வதை நோக்குவோம். பாடுவோரை வாயிலருகே, செருப்புக் குவியலை அடுத்து அமர்த்துகின்றோம். ஒருபுறம் பந்திக்கு அழைக்கும் குரல். மறுபுறம் இலையெடுக்கும் ஓசை. பாட்டு நடுவில் இருக்கும்போதே வாழ்த்துரைக்க ஒருவர் ஒலிவாங்கியைப் பற்றுகின்றார். பேசிய தொகையில் ஒரு பகுதியைத் தந்து, “எஞ்சியதை நாளை வந்து பெற்றுக்கொள்ளும்” என்று அனுப்புவாரும் உளர். அந்நாளைக்காக ஒருவர் மூன்று முறை பேருந்தேறி வந்ததை யாம் அறிவோம். குழுவாய் வருவோர்க்குத் துணையாக வழக்குரைக்க நால்வர் இருப்பர். தனித்து வந்தவர்க்கு யார் உளர்? நாணம் அவர் வாயை அடைக்கின்றது. அந்நாணத்தை நாம் ஊதியமாகக் கொள்ளுதல் அறமாகுமா?

ஆதலின் அழைப்போர் கடைப்பிடிக்கத்தக்கன சிலவற்றைக் கூறுதும். வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்து, பாடும் நேரம், முழுத்தொகை, வழிச்செலவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. எஞ்சிய தொகையை, நிகழ்ச்சி முடிந்தவுடன் அவர் கேளாமுன் அளிக்க. அடுக்களைக்கும் வாயிலுக்கும் விலகிய இடத்தில் அவரை அமர்த்துக. ஒலிபெருக்கியைப் பாடுவோர்க்குப் பின்னே வைத்தால், பெருகிய ஒலி ஒலிவாங்கியுள் மீண்டும் புகுந்து ஊளையிடும்; அதனை முன்புறத்தே, அவையை நோக்கி வைக்க. தனித்துப் பாடுவோர்க்கு இளைப்பாற இடைவெளி தரும் பக்கவாத்தியம் இல்லை. ஆதலின் ஒரு மணிநேரத்திற்குமேல் பாடுமாறு வேண்டின், நடுவே ஓய்வும் வெந்நீரும் தருக. பந்தியைப் பாட்டிற்கு முன்னோ பின்னோ அமைத்துக்கொள்க.

கைப்பேசியிற் பதிவு செய்வது இக்காலத்து வழக்கம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் ஏற்பட்ட திருத்தம் பாடுவோர், ஆடுவோர் முதலிய நிகழ்த்துவோரின் உரிமையை விரித்துரைத்தது. பின்னர் 1999இல் வந்த திருத்தம் அவ்வுரிமைக் காலத்தை 50 ஆண்டுகளாக்கியது. சொந்தப் பயனுக்கெனப் பதிவு செய்தலைச் சட்டம் விலக்கவில்லை. ஆயினும் பாடினவர் இசைவின்றி அதனை ஊரெங்கும் பரப்புதல் முறையன்று. “பரப்பலாமா?” என்று ஒரு சொல் கேட்டல் நமக்கு அரிதன்று.

இத்தொழிலை நாடும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவோம். இதன் வருவாய் மாதந்தோறும் ஒரே அளவாய் வருவதன்று. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் அருகும்; ஆடியில் அம்மன் கோயில் விழாக்களும், மார்கழியில் பசனைகளும் ஒருவாறு கைகொடுக்கும். ஆதலின் தை முதல் வரும் பொருளில் ஒரு பங்கைச் சேமித்து வைத்தல் வேண்டும். கற்ற கல்வியையோ கைத்தொழிலையோ கைவிடாதிருத்தல் நலம். அவையறிந்து பாடுக: குழந்தைக்குப் பெயர்சூட்டும் மனையில் தாலாட்டும், மணிவிழாவில் முதியோர் விரும்பும் பழம்பாட்டும் பொருந்தும். குறித்த நேரத்திற்கு முன்னரே சென்று சுருதி சேர்த்து வைத்திருக்க. பெற்றோர்களே, மகனோ மகளோ இவ்வாறு ஒழுங்குடன் உழைப்பாராயின், “பாட்டுப் பிழைப்பு” என்று இகழாதீர்.

நிறைவாக, நம் சங்கத்திற்கு இரண்டு வேண்டுகோள்கள். ஆண்டுவிழாவில் ஒரு மணிநேரத்தைத் தனித்துப் பாடும் உள்ளூர்க் கலைஞர் ஒருவர்க்கு ஒதுக்குக. அந்நேரத்தில் வேறு பேச்சு நிகழாதிருக்க. நல்லிசை ஒன்று கேட்ட குடும்பத்தார், அவ்விசைவாணரின் பெயரை வேறு இரண்டு வீடுகளுக்கேனும் எடுத்துரைக்க. பண்டைக் கலைஞர் ஒருவரையொருவர் ஆற்றுப்படுத்தினர். கேட்போராகிய நாமும் அப்பணியை ஏற்றல் தகும். அடுத்த மனையின் வாயில் ஒன்று திறந்தால், தனித்து நடப்பவர்க்கு அந்த மாதத்து அரிசி உறுதியாகும்.