லோணாவ்லாவின் மீன்களும் நம் காவிரியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மீனைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் முன்வரிசையில் இரண்டொருவர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். அஞ்ச வேண்டா, சமையலறைப் பக்கம் நான் செல்லப் போவதில்லை.

நீலகிரியில் அவலாஞ்சி என்னும் இடத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்நாளைய வெள்ளையருக்குத் தூண்டில் வீசப் பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. தங்கள் நாட்டு டிரவுட் மீனை மலையோடைகளில் குடியேற்ற 1863 முதற்கொண்டே முயன்று தோற்றனர். 1907-இல் எச். சி. வில்சன் என்பவர் பொறுப்பேற்று அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பின்னரே அம்முயற்சி கைகூடிற்று. குளிர்ந்த நீரன்றி வேறெங்கும் வாழாத மீனாதலால், அது மலையைவிட்டு இறங்கவில்லை.

நாம் வாழும் புனேக்கு அருகிலும் இத்தகைய பண்ணை ஒன்று உண்டு. மும்பை செல்லும் இரயிலில் லோணாவ்லாவைக் கடக்கும்போது, மலைகளுக்கிடையே டாட்டா நிறுவனத்தாரின் ஏரிகள் இருப்பதை அறிவீர்கள். 1915 முதல் கோபோலியில் மின்சாரம் தரும் நீர் அது. அவற்றுள் வால்வண் ஏரியின் அருகில் 1970-களின் தொடக்கத்திலிருந்து மஹ்சீர் மீன் வளர்க்கப்படுகிறது. கெண்டைக் குடும்பத்தில் பெரிய மீன் அது. நம் ஊர் மீன் என்று புனேக்காரர் உரிமை கொண்டாடவும் காரணம் உண்டு: முளா-முட்டா ஆற்றில் புனேக்கு அருகே கிடைத்த மீனைக் கொண்டே, 1839-இல் ஸைக்ஸ் என்னும் ஆங்கிலேயர் இந்த இனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்திராயணிக் கரையில், துக்காராம் சுவாமிகள் பிறந்த தேகுவில், பக்தர்கள் இம்மீனுக்கு உணவிட்டு வணங்குவர்.

அணைகளும் வெடி வைத்து மீன் பிடிப்போரும் இவ்வினத்தை அருகச் செய்தபோது, சி. வி. குல்கர்ணி, எஸ். என். ஓகலே ஆகிய அறிஞர்கள் அதனைக் காக்க முன்வந்தனர். மழைக்காலத்தில் முதிர்ந்த பெண் மீனைப் பிடித்து, வயிற்றை மெல்ல வருடி முட்டைகளை வாங்குவர். ஆண் மீனின் விந்தை அதனுடன் கலப்பர். ஓடும் நீரில் தட்டுகளில் பரப்புவர். மூன்று நான்கு நாட்களில் குஞ்சு வெளிவரும். அந்தச் சில நாட்களுக்குள் முட்டைகளை ஈரப்பஞ்சில் பொதிந்து விமானத்தில் தொலைதூரத்துக்கும் அனுப்பலாம் என்று அவர்கள் கண்ட வழியை நினைக்கையில் எனக்கு வியப்பு மேலிடுகிறது. தண்ணீர்த் தொட்டி வேண்டா. ஒரு பெட்டி போதும்! இவ்வாறு பல மாநிலங்களின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் லோணாவ்லாவின் குஞ்சுகள் சென்றன.

காவிரிக்கும் சென்றன. அன்பர்களே, இனித்தான் நம் நெஞ்சைத் தொடும் செய்தி.

காவிரிக்கென்றே தனியாக ஒரு மஹ்சீர் இனம் உண்டு. முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் துடுப்பும் உடையது. 1946-இல் அதன் கிளையாறாகிய கபினியில் பிடிபட்ட ஒன்று 120 இராத்தல் எடை இருந்தது. தக்காணத்து மீனோ நீலத் துடுப்புடையது. அது காவிரியில் விடப்பட்ட பின்னர்த் தூண்டிலில் நீலத் துடுப்பு பெருகிற்று. திமில் மீன் அருகிப் போயிற்று. மணல் அள்ளுதல், மாசு, அணை முதலிய பிற காரணங்களும் உண்டு என்பதை மறைத்தலாகாது. ஆயினும் தூண்டிலாளர் எழுதிவைத்த கணக்குகளை ஆராய்ந்தோர், வந்தேறிய இனத்தையும் ஒரு முதன்மைக் காரணமாகவே காட்டுகின்றனர்.

இதிற் கொடுமை யாதெனில், அந்தத் திமில் மீனுக்கு முறையான அறிவியற் பெயர் எது என்பதே 2018 வரை தெளிவாகவில்லை. கேரளத்தில் தோன்றி அமராவதியிற் கலக்கும் பாம்பாற்றில் 2007-இல் விவரிக்கப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என அவ்வாண்டில்தான் நிறுவினர். உடனே அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் ஏறிற்று. லோணாவ்லா காத்த தக்காண மீனோ, அழியும் நிலை நீங்கிற்று என்று மதிக்கப்பட்டது.

குல்கர்ணி முதலியோரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மீனைக் காக்க வந்தவர்கள் அவர்கள். இன்னொரு மீன் வேறென்று அறியும் வழி அன்று அவர்களுக்கு இல்லை. அதற்காக நம் ஆறு இழந்ததைச் சிறிதென்று சொல்லவும் மனம் வரவில்லை.

திமில் மீன் முற்றும் மறைந்துவிடவில்லை. நீலகிரியிலே, அவலாஞ்சிக்கு வடக்கே, முதுமலைக் காட்டினூடே பாயும் மோயாற்றில் அது இன்றும் வாழ்கிறது. அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், மைசூர் சாலையில் தெப்பக்காட்டுப் பாலத்தைக் கடக்கும்போது குழந்தைகளுக்கு அந்த ஆற்றைக் காட்டுங்கள்.