வௌவாலைச் சரியாக எழுதுவோம்: வகுப்பறைக்கான தகவல் படங்கள்



நாம் கூடியிருக்கும் குளுவாங் நகரம், பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' என்னும் மலாய்ச் சொல்லால் பெயர் பெற்றது. ஆகவே, வகுப்பறைக்கான தகவல் படம் ஒன்றை எவ்வாறு அமைப்பது என்பதை அந்த வௌவாலையே துணைகொண்டு விளக்க விழைகிறோம்.

ஒரு செய்தியைக் கண் எளிதில் பற்றிக்கொள்ளுமாறு படமும் சொல்லுமாக ஒழுங்குபடுத்துவதே தகவல் படம். எனவே கணினியைத் திறக்குமுன் தாளையும் பென்சிலையும் எடுப்போம். இப்படத்தைப் பார்க்கும் மாணவர் எதனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதுவோம். நம் எடுத்துக்காட்டில் அவ்விடை, 'டுரியான் காய்க்க வௌவால் உதவுகிறது' என்பது. அதற்கு நான்கு கட்டங்கள் போதும். மாலையில் டுரியான் பூ விரிகிறது, இரவில் தேனுண்ண வௌவால் வருகிறது, அதன் உடலில் ஒட்டிய மகரந்தம் வேறொரு மரத்தின் பூவை அடைகிறது, அப்பூ காயாகிறது. நான்கு படங்கள், நான்கு சிறு தொடர்கள், மூன்று அம்புக்குறிகள். இதற்குமேல் சேர்க்கும் அலங்காரம் கவனத்தைச் சிதறடிக்கும்.

எண்ணிக்கையைக் காட்டும் படத்திற்குத் தனி நெறி உண்டு. 1920-களில் வியன்னா நகரில் ஓட்டோ நியூராத் என்பார், பொதுமக்களுக்குப் புள்ளிவிவரங்களை விளக்கப் படமொழி ஒன்றை உருவாக்கினார். மிகுதியைக் காட்டப் படத்தைப் பெரிதாக்கலாகாது. ஒரே அளவுள்ள படத்தைத் திரும்பத் திரும்ப அடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஒரு வகுப்பில் பேருந்தில் வருவோர் 12 பேர், நடந்து வருவோர் 6 பேர் எனக் கொள்வோம். இரு மடங்கைக் காட்டப் படத்தின் உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்தால், அதன் பரப்பு நான்கு மடங்காகிவிடும். எண் மெய் சொல்ல, படம் பொய் சொல்லும்.

கருவிகளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. கேன்வா, கூகுள் சிலைட்ஸ் ஆகியவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இணையம் இல்லாதபோது லிப்ரே ஆபிஸ், இங்க்ஸ்கேப் ஆகியவை கைகொடுக்கும். ஆயினும், இவற்றிலுள்ள வார்ப்புருக்கள் பலவும் ஆங்கிலச் சொற்களின் நீளத்திற்கு அமைந்தவை. அவற்றில் தமிழ்த் தலைப்பைத் திணித்தால் எழுத்துச் சிறுத்துவிடும். சொல்லுக்கேற்பக் கட்டத்தை விரிப்பதே முறை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச ஒருங்குறி எழுத்துரு ஒன்றையே படம் முழுதும் கையாளுவோம்.

இனி, நம் மனத்தை உறுத்தும் ஒன்றைக் கூற வேண்டும். 'வௌவால்' என்னும் சொல்லில் உள்ளவை மூன்று எழுத்துகள். பலர் 'வெ' எனத் தட்டி, அருகில் 'ள' என்பதைச் சேர்த்து, 'வெளவால்' என நான்கெழுத்தாக்கிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவரோ அதனை 'வெ-ள-வால்' என்றே படிப்பார். கணினித் தேடலிலும் சரியான சொல் அகப்படாது. தமிழை முறையாகக் கையாளாத மென்பொருளில், கொம்பு எழுத்துக்குப் பின்னே சென்று நிற்பதும் உண்டு. நூலில் உள்ள பிழை பக்கத்தைப் புரட்டினால் மறையும். சுவரில் ஒட்டிய பிழை ஆண்டு முழுதும் மாணவரின் கண்முன் நிற்கும்.

ஆகவே, ஔகாரக் குறியை ஒரே குறியாகத் தட்டுவோம். முதலில் ஒரு படி மட்டும் அச்சிட்டு, கடைசி வரிசை மாணவர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் செய்வோம். கருப்பு வெள்ளையில் நகலெடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தோன்றலாம். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரையும் எழுதுவோம்.

ஆசிரியரே எல்லாப் படங்களையும் வரைய வேண்டியதில்லை. மாணவரிடம் தாளைக் கொடுப்போம். ஒரு பாடத்தை நான்கு கட்டங்களில் சுருக்க முயலும் மாணவர், எதனை வைப்பது, எதனை விடுவது என எண்ணத் தொடங்குவார். அந்த எண்ணமே கல்வி.