டிபால்ட் பிரவுசரை யார் தீர்மானிப்பது?

(படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக் கொண்ட விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். “விலைவாசியைப் பற்றிப் பேசாமல் பிரவுசரைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?” என்று ஒரு தோழர் கேட்டார். பேசத்தான் போகிறோம். காரணத்தையும் சொல்லி விடுகிறோம்.

சில நாட்களுக்கு முன் கட்டிட வேலை செய்யும் நண்பர் ஒருவர் போனைத் தூக்கிக் கொண்டு படிப்பகத்துக்கு வந்தார். மகளின் படிப்பு உதவிப் பணத்துக்கான விண்ணப்பத்தை முதல் நாள் இரவு பாதி வரை நிரப்பி வைத்திருந்தார். மறுநாள் வந்த எஸ்.எம்.எஸ். லிங்க்கைத் தொட்டால் மறுபடியும் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. எல்லாம் அழிந்து போயிற்று என்று நினைத்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். ஒன்றும் அழியவில்லை. அவர் எழுதியது ஒரு பிரவுசரில், லிங்க் திறந்தது வேறொரு பிரவுசரில். போனில் இரண்டு பிரவுசர்கள் இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரியாது. ஒரு லிங்க்கைத் தொட்டால் எதில் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் டிபால்ட் என்று பெயர். போனை வாங்கியவர் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. அப்படியானால் செய்தது யார்?

இது நேற்று முளைத்த சண்டை அல்ல. விண்டோஸோடு தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்தே மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்தது. நெட்ஸ்கேப் என்ற போட்டிப் பிரவுசர் அதனால் நசுங்கியது. 1998ல் அமெரிக்க சர்க்காரும் பல மாநிலங்களும் சேர்ந்து வழக்குப் போட்டன. கம்பெனியை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்று 2000ல் கீழ்க்கோர்ட் சொன்னது. 2001ல் மேல்கோர்ட் அந்தப் பிளவை ரத்து செய்தது. ஆனால் ஏகபோகத்தைக் காப்பாற்றிக் கொள்ளச் சட்டத்தை மீறியது உண்மைதான் என்றும் கூறியது.

ஐரோப்பாவில் நடந்ததுதான் இன்னும் வேடிக்கை. 2009 டிசம்பரில் மைக்ரோசாப்ட் ஐரோப்பியக் கமிஷனுக்கு வாக்குறுதி கொடுத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு, விண்டோஸ் உபயோகிப்பவர்கள் முன்னால் பல பிரவுசர்களின் பட்டியலைக் காட்டுவோம், வேண்டியதை அவர்களே எடுத்துக் கொள்ளட்டும் என்று ஒப்புக் கொண்டது. 2010 மார்ச் முதல் பட்டியலும் வந்தது. பிறகு என்ன நடந்தது? 2011 மே முதல் 2012 ஜூலை வரை சுமார் 1.5 கோடி கம்ப்யூட்டர்களில் அந்தப் பட்டியல் வரவே இல்லை! தொழில்நுட்பப் பிசகு என்று கம்பெனி சொல்லிற்று. உலகத்துக்கே மென்பொருள் செய்து விற்கும் கம்பெனியின் கண்ணுக்கு ஓராண்டுக்கு மேல் படாத பிசகு! கமிஷன் சும்மா விடவில்லை. 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

இவ்வளவு பெரிய கம்பெனிகள் இந்தச் சின்ன ஏற்பாட்டுக்காக ஏன் இப்படிப் போராடுகின்றன? மாற்ற வழி இருந்தாலும் நம்மில் பெரும்பாலோர் மாற்றுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் தன் தேடல் இயந்திரமே டிபால்ட்டாக இருப்பதற்காக, 2022ஆம் ஆண்டு மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்கக் கோர்ட் வழக்கில் வெளிவந்தது. பிரவுசர் வேறு, அதற்குள் இருக்கும் தேடல் இயந்திரம் வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம். ஆனால் வியாபாரத் தந்திரம் ஒன்றே. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2025 செப்டம்பரில் அதே கோர்ட், குரோம் பிரவுசரை விற்க வேண்டியதில்லை, டிபால்ட்டுக்குப் பணம் கொடுப்பதற்கும் முழுத் தடை இல்லை, தனி உரிமை ஒப்பந்தங்கள் கூடாது என்று சொன்னது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பதே நமது அபிப்பிராயம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிளே ஸ்டோரின் பலத்தைக் கொண்டு குரோமைக் காப்பாற்றிக் கொண்டார்கள் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால், போனோடு வரும் ஆப்களை நாமே நீக்க வழி செய்ய வேண்டும் என்ற உத்தரவை ரத்து செய்து விட்டது. புதுப் போனில் தேடல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் காட்டுவதாகக் கூகுள் அறிவித்தது. பிரவுசருக்கு அப்படிப் பக்கம் இல்லை. நாமேதான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப் என்று போனால் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸ் தேடலில் ‘டிபால்ட்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஐபோனில் 2020 செப்டம்பர் வரை இதை மாற்ற வழியே கிடையாது; இப்போது செட்டிங்ஸில் முடியும். விண்டோஸ் 11ன் கதை தனி. 2021ல் அது வந்தபோது ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2022ல் ஒரே பட்டன் கொடுத்தார்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், டிபால்ட் ஆப்ஸ் போய் வேண்டிய பிரவுசரைத் தொட்டால் மேலே அந்தப் பட்டன் தெரியும்.

எந்தப் பிரவுசரை வைப்பது என்று ஒரு தோழர் கேட்கிறார். அதை நாம் சொல்லப் போவதில்லை. லாப நோக்கமில்லாத மோசில்லா ஸ்தாபனத்தின் பயர்பாக்ஸ் இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான். ஆனால் அதன் வருமானத்திலும் பெரும் பகுதி கூகுள் தேடலை டிபால்ட்டாக வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணமே! குரோம் உங்களுக்குப் பிடித்திருந்தால் குரோமே இருக்கட்டும். பார்த்து, தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள் என்பதே நமது கோரிக்கை.

ஒரு எச்சரிக்கை. மாற்றுவதற்கு முன் பழைய பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். டிபால்ட்டை மாற்றினால் அவை தாமாக இடம் மாறுவதில்லை. அந்தக் கட்டிடத் தொழிலாளி நண்பருக்கு நாங்கள் செய்தது இவ்வளவே: விண்ணப்பம் இருந்த பிரவுசரையே டிபால்ட்டாக வைத்தோம். லிங்க்கை மறுபடி தொட்டார். பாதி நிரப்பிய பக்கம் அப்படியே வந்தது. மீதியை அங்கேயே உட்கார்ந்து முடித்தார்.

ஞாயிறு மாலை இங்கே எல்லோருடைய போனையும் பார்த்துத் தருகிறோம். சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள்; படிப்பகத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கிறது.