கோல் காத்த தங்கராஜ்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்து வருகின்றோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எம்மையும் பேசப் பணித்தார்கள். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் யாம் காப்பியம் பேசப் புகுந்தால், அது குருவி தலையில் பனங்காயை வைத்த கதையாகும். ஆகவே எமக்கு ஓரளவு பழக்கமான கால்பந்தாட்டத்திலிருந்து ஒரு பெருமகனின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ்.

பந்தாட்டத்தைப் பிழைப்பாகக் கொள்வது மேனாட்டில் புதிதன்று. இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டிலேயே ஊதியம் பெற்றுப் பந்தாடுவது முறையான தொழிலாக ஏற்கப்பட்டது. அதன்பின் அயர்லாந்து இளைஞர்கள் பலர் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் சென்றனர். காலின் திறமையால் வயிறு வளர்த்தனர். நம் நாட்டிலோ நெடுங்காலம் அந்நிலை இல்லை. ஆட்டக்காரன் உண்ண வேண்டுமானால் அவனுக்கு வேறொரு வேலை வேண்டும். படை, காவல்துறை, சுங்கம், இரயில்வே ஆகியவையே அவனுக்குச் சோறிட்ட தாய்வீடுகள். விளையாட்டு வீரர்க்கென இரயில்வேயில் பணியிடம் ஒதுக்கும் வழக்கம் இன்றும் உண்டென்பதை இங்கு அமர்ந்திருக்கும் எம் அலுவலகத் தோழர்கள் அறிவார்கள்.

தங்கராஜின் வாழ்வும் அவ்வழியே நடந்தது. பெயர் தமிழ்ப்பெயர், பிறந்த ஊரோ ஐதராபாத். 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் பிறந்த அவர், இளமையிலேயே படையிற் சேர்ந்தார். நீலகிரியில் வெல்லிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டல் செண்டர் அவரை ஏற்றது. அங்கே அவர் முதலில் ஆடியது கோல் அடிக்கும் சென்டர் பார்வர்டு இடத்தில். பின்னரே கோல் காக்கும் பணிக்கு மாறினார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அங்கேதான் முழுப்பயன் தந்தன. 1888-இல் தொடங்கிய டூரண்டு கிண்ணத்தை அந்தப் படைப்பிரிவு 1955-லும் 1958-லும் வென்றது.

கோல் அடிப்பவனுக்குப் பத்து முறை தவறினாலும் பதினோராம் முறை மாலை கிடைக்கும். கோல் காப்பவனோ பத்துப் பந்தைப் பிடித்தாலும், விட்ட ஒரு பந்தைத்தான் ஊர் பேசும். மாலை விழும் இடத்தை விட்டு வசை விழும் இடத்திற்கு மாற ஓர் இளைஞன் இசைந்தான் என்றால், அதற்குக் கால் வலிமையினும் மிக்க நெஞ்சுரம் வேண்டும்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதியை எட்டி நான்காம் இடம் பெற்றது. அக்குழுவில் கோல் காவலர் இருவர். ஒருவர் தங்கராஜ், மற்றவர் பாலக்காட்டுச் சீமையில் பிறந்த எஸ். எஸ். நாராயணன். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் எனத் தங்கராஜ் பாராட்டப் பெற்றார்.

1960-இல் ரோம் நகர ஒலிம்பிக். இந்தியாவுக்கு வாய்த்த பிரிவோ மிகக் கடுமையானது. ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய மூன்று நாடுகளையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஹங்கேரியிடம் 1–2 என்ற கணக்கில் தோற்றோம். அன்று எதிரணியில் ஆடிய புளோரியன் ஆல்பர்ட் பின்னர் 1967-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர். அத்தகையோரை எதிர்த்தும் இரண்டு கோலுக்கு மேல் விடவில்லை. பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தோம். பெருவிடம் 1–3 எனத் தோற்றோம். அதற்குப் பின் இந்தியக் கால்பந்துக் குழு ஒலிம்பிக்கில் ஆடவேயில்லை என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

இனிச் சொல்லப்போவது நம் கேரள மண்ணில் நிகழ்ந்தது. 1960–61-ஆம் ஆண்டுச் சந்தோஷ் கிண்ணப் போட்டி கோழிக்கோட்டில் நடைபெற்றது. தங்கராஜின் தலைமையில் ஆடிய படையினர் குழு, வங்காளத்தை வென்று முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஐதராபாத்தில் பிறந்து, நீலகிரியில் தேர்ந்து, மலபாரில் வெற்றிக்கிண்ணம் ஏந்திய அந்த மனிதரை எந்த ஊரார் என்று சொல்வது?

அவர் வாழ்வின் சிகரம் 1962. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பயிற்சியாளர் ஐதராபாத் சையத் அப்துல் ரகீம். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 எனத் தோற்ற இந்தியா, தட்டுத் தடுமாறி எழுந்து இறுதியாட்டத்துக்கு வந்தபோது எதிரே நின்றதும் அதே தென் கொரியா. இடையில் உடல்நலம் குன்றியிருந்த தங்கராஜ், இறுதியாட்டத்தில் மீண்டும் கோலைக் காக்க வந்தார். தைவானும் இஸ்ரேலும் விலக்கப்பட்டதைக் குறித்து இந்தியப் பிரமுகர் ஒருவர் தெரிவித்த கருத்தால் சினமுற்றிருந்த பெருங்கூட்டம் நம்மவரை எதிர்த்துக் கூச்சலிட்டது. பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். கொரியர் ஒன்றைத் திருப்பினர். 2–1. தங்கப்பதக்கம் இந்தியாவுக்கு! அன்று தங்கராஜுக்கு முன்னே தற்காப்பில் அரணாக நின்றவர்களுள் இரிஞ்ஞாலக்குடை ஓ. சந்திரசேகரனும் ஒருவர். மலையாளத் தோளும் தமிழ்ப்பெயர் தாங்கிய கையும் சேர்ந்து காத்த கோல் அது.

பின்னர் கல்கத்தா சென்ற அவர், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். ஒன்றுக்கொன்று தீராப் பகை கொண்ட கழகங்கள் மூன்றும் ஒரு மனிதரை விரும்பி ஏற்றன என்றால் அதுவே சான்று. 1967-இல் அருச்சுனா விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் பொகாரோ எஃகு நகரில் இளைஞர்க்குப் பந்தாட்டம் பயிற்றுவித்தார். அந்நகரிலேயே 2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் தம் 72-ஆம் அகவையில் மறைந்தார்.

இன்னொருவரையும் குறிப்பிடாமல் அமர்ந்தால் எம் அலுவலகத் தோழர்கள் விடமாட்டார்கள். 1973-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றது. தலைவர் மணி மூன்று கோல்களையும் அடித்தார். அக்குழுவைப் பயிற்றுவித்தவர் ரோமில் தங்கராஜோடு சென்ற ஒலிம்பிக் வீரர் சைமன் சுந்தரராஜ். 2–3 எனத் தோற்ற குழு எது தெரியுமா? எம் சோற்றுக்கு வழிசெய்யும் இரயில்வே! (சிரிப்பு.) உண்ட வீடு தோற்றதென்று அழுவதா, வாழும் நாடு வென்றதென்று ஆடுவதா, நம்மவர் ஒருவர் பயிற்றுவித்தார் என்று நிமிர்வதா? மூன்றும் நமக்கு உரியனவே என்பதுதான் யாம் கண்ட விடை.

பெரியோர்களே! இதனை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் வளரும் நம் பிள்ளைகளைப் பள்ளியில் சிலர் 'பாண்டி' என்கின்றனர். விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ சென்றால் உறவினரே 'மலையாளத்தான்' என்கின்றனர். 'நாம் எந்த ஊர் அப்பா?' என்று பிள்ளை கேட்கும்பொழுது வாயடைத்து நிற்கும் தந்தையர் இவ்வவையில் எத்தனையோ பேர். அவர்கட்குத் தங்கராஜின் வாழ்வு ஒரு விடை. நின்ற இடத்தைக் காத்தவனுக்கு அந்த இடம் சொந்தம். கோழிக்கோடும் கல்கத்தாவும் அவரிடம் பிறப்புச் சான்று கேட்கவில்லை. பந்தைப் பிடிப்பாயா என்றே கேட்டன.

நம் சங்கத்தில் பேச்சுப் போட்டி உண்டு; குறள் ஒப்பித்தலும் உண்டு. அவை வாழ்க. ஆனால் ஒரு பந்து இல்லை. பிள்ளைகளின் மாலைப்பொழுதைத் தனிப்பயிற்சி வகுப்புகள் விழுங்கிவிட்டன. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒரு திடலை வாடகைக்கு எடுத்து, தமிழ்ப் பிள்ளைகளும் அண்டை வீட்டு மலையாளப் பிள்ளைகளும் கலந்தாட ஏற்பாடு செய்யச் செயற்குழுவை வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் சிறந்த கோல் காவலருக்குத் தங்கராஜ் பெயரால் ஒரு பரிசு வழங்குவோம். முதற்பந்தின் விலையை யாமே தருகின்றோம்.