தண்ணி வரும்னு தெரிஞ்சா நாத்து விட்டாங்க?

(தலைப்பு: முடிவெடுக்கும் நேரத்தில் பெரிதும் கைகொடுப்பது பொறுமையா? துணிவா? 'துணிவே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே எடை போட்டு எடை போட்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே!  

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் என்ன சொன்னார்? "முழுசாத் தெரிஞ்ச பிறகுதான் எதிலேயும் இறங்கணும். அதுவரைக்கும் பொறு!" என்றார். ஐயா, நீங்க பெண் பார்க்கப் போன அன்னைக்கு எத்தனை நிமிஷம் பேசினீங்க? ஒரு தட்டு பஜ்ஜி, ஒரு தம்ளர் காபி. அதை வச்சுத்தானே ஆயுசுக்கும் முடிவெடுத்தீங்க! (சிரிப்பு) முழுசாத் தெரிஞ்ச பிறகுதான்னு அந்த அம்மா நினைச்சிருந்தா, உங்க கதி என்ன ஆகியிருக்கும்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நான் தேனி மாவட்டம், உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. எங்க கம்பம் பள்ளத்தாக்கிலே ஏறத்தாழ 14,700 ஏக்கர் இருபோக நெல் வயல் இருக்கு. ஜூன் மாசம் ஒண்ணாந்தேதி வாக்கிலே முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணி திறப்பாங்க. அணையிலே தண்ணி போதாத வருஷம் தள்ளிப் போகும். தென்மேற்குப் பருவமழையும் கேரளத்திலே அந்த வாக்கிலேதான் ஆரம்பிக்கும். அப்படின்னா, மழை நல்லாப் பெய்யுமா பொய்க்குமான்னு தெரியறதுக்கு முந்தியே எங்க விவசாயி விதை நெல்லை ஊறப் போட்டாகணும்!

அவரு என்ன பண்றாரு? ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் அளவு நாற்றங்கால் போதும். முதல்லே அந்த எட்டு சென்ட்டிலே மட்டும் விதைக்கிறாரு. மூணு நாலு வாரம் நாற்று வளருது. அதுக்குள்ளே வானம் என்ன சொல்லுது, அணை என்ன சொல்லுதுன்னு பார்க்கிறாரு. அப்புறம்தான் முழு வயலிலேயும் நடவு. போனா எட்டு சென்ட் விதை போகட்டும். விதைக்காமலே இருந்தா ஒரு போகமே போயிடும்! எதிர்காலம் தெரிஞ்சவர் எடுத்த முடிவா இது? எவ்வளவு போனால் தாங்கலாம் என்று தெரிந்தவர் எடுத்த முடிவு. நாங்கள் துணிவு என்று சொல்வது அதைத்தான், நடுவர் அவர்களே! கண்ணை மூடிக்கிட்டுக் கிணத்துலே குதிக்கிறதைச் சொல்லலே. (கைதட்டல்)

சரி, அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது? மேற்கே ஓடுகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்திலே பிறந்துவிட்டது. செலவு தாங்காது என்று வைத்துவிட்டார்கள். 1808-லே கால்டுவெல் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் வந்து மலையைப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1850-லே வேலையை ஆரம்பித்து, நோய்க்குப் பயந்து பாதியிலே நிறுத்தினார்கள். நடுவிலே 1876 முதல் 1878 வரை தாது வருஷத்துப் பஞ்சம். ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கடைசியிலே தண்ணீர் வந்தது 1895 அக்டோபரிலே. கணக்குப் போடுங்கள்: 106 வருஷம்! எதிரணி நண்பர்களே, நீங்கள் கேட்கிற பொறுமை இது போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா? (கைதட்டல்)

கட்டியவர் ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். அவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்ததா? தெரிந்துகொள்ளக்கூடியதை எல்லாம் தெரிந்துகொண்டார். மலையை அளந்தார். மண் அணை என்று முன்னே சொன்னதை மாற்றி, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்ட முடிவெடுத்தார். தண்ணீர் கிழக்கே வர ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம். 1887-லே வேலை ஆரம்பம். ஆனால் வெள்ளம் எந்தக் கணக்குக்குக் கட்டுப்படும்? ஆற்றைத் திருப்பப் போட்ட தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது, ஒரு தடவை இல்லை, பல தடவை. மறுபடி கட்டினார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காட்டிலே காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் செத்தவர்கள் கூலிக்கு வந்த ஏழைகள். துணிந்து முடிவெடுக்கிறவன், இதற்கு யார் விலை கொடுக்கப் போகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்திலே பாலார்பட்டியிலே பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி பொங்கல் வைப்பார்கள். அந்தப் பானையிலே பெயர் தெரியாத அந்தத் தொழிலாளிகளுக்கும் ஒரு பிடி அரிசி உண்டு என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். (கைதட்டல்)

"ஜெயித்தவன் கதையைச் சொல்லிட்டீங்க, தோத்தவன் கதையைச் சொல்லுங்க" என்று எதிரணி கேட்கும். சொல்கிறேன். அது எங்க அய்யாவின் கதை.

எங்க நிலம் மேட்டு நிலம், வாய்க்கால் தண்ணி ஏறாது. அய்யா கிணறு வெட்ட முடிவு பண்ணினார். உழவு மாட்டுச் சோடியை வித்தார். வேலை ஆரம்பிக்கிற அன்னைக்கே அம்மாகிட்டே சொன்னார்: "அறுபது அடி. அதுக்கு மேலே ஒரு கூடை மண்ணு எடுக்க மாட்டேன். மாட்டை விக்கலாம், நிலத்தை விக்கக் கூடாது."

வெடி வச்சு வெட்டினாங்க. அறுபது அடி. தண்ணி இல்லை. அப்பத்தா அழுதாக: "இம்புட்டு வெட்டியாச்சு, இன்னும் ரெண்டு முழம் பார்றா!" கிணறு வெட்டுறவங்களும், "ஈரம் தெரியுதுங்க" என்றார்கள். அய்யா ஒண்ணும் பேசலே. கயித்தைச் சுருட்டித் தோளிலே போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டார். வெட்டுறதுக்கு எவ்வளவு துணிவு வேணுமோ, நிறுத்துறதுக்கு அதைவிடக் கூடுதலா வேணும், நடுவர் அவர்களே!

மூணு வருஷம் கழிச்சு எனக்கு மதுரையிலே ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைச்சது. சொந்தக்காரங்க வந்து, "கிணத்துலே போட்டது பத்தாதா? பொட்டப் புள்ளை படிப்பிலேயும் கொண்டுபோய்ப் போடப் போறியா?" என்றார்கள். நான் கதவு ஓரமா நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். நெஞ்சு அடிச்சுக்குது. கிணத்தை நினைச்சு அய்யா பயந்துட்டா என் படிப்பு போச்சு!

அய்யா சொன்னார்: "கிணத்துலே தண்ணி இல்லேன்னு வெட்டுனப்புறம்தான் தெரிஞ்சது. வெட்டாம விட்டிருந்தா, இருக்குமோ இருக்குமோன்னே சாகுற வரைக்கும் கெடந்திருப்பேன். நீ பொட்டியைக் கட்டு தாயி!" (நீண்ட கைதட்டல்)

அந்தக் கிணறு இன்னமும் வறண்டுதான் கிடக்கிறது. ஆனால் அய்யா எடுத்த முடிவு தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். பலன் நம்ம கையிலே இல்லை. விசாரிக்கிறது, கணக்குப் போடறது, எல்லை வச்சுக்கிறது, நிற்கிறது. இது நாலும் நம்ம கையிலே இருக்கு.

திருக்குறளிலே 68-ஆவது அதிகாரம் வினைசெயல்வகை. அதன் முதல் குறளுக்குப் பொருள் என்ன? ஆராய்ச்சிக்கு முடிவே துணிவுக்கு வந்து சேருவதுதான். துணிந்த பிறகு காலம் கடத்துவது கேடு. யோசனையை வள்ளுவர் வேண்டாம் என்றா சொன்னார்? அது போய்ச் சேர வேண்டிய ஊர் துணிவு என்றார். எதிரணி நண்பர்கள் பஸ்ஸிலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் வந்தும் இறங்க மாட்டேன் என்கிறார்கள்! (சிரிப்பு)

உங்கள் வீட்டிலேயும் ஒரு பெண் பிள்ளை இன்றைக்குக் கதவு ஓரமாக நின்றுகொண்டிருக்கலாம். அவளுக்காகக் கேட்கிறேன். எட்டு சென்ட்டாவது விதையுங்கள்! முடிவெடுக்கும் நேரத்திலே கைகொடுப்பது துணிவே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.