42-ஆம் நாளுக்குப் பின்: மகப்பேறும் தாயின் இதயமும்



2014-16-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 130 ஆக இருந்த இந்தியாவின் தாய் இறப்பு விகிதம், 2019-21-இல் 93 ஆகக் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகியமை இதற்குப் பெரிதும் துணை நின்றது. எனினும் இவ்விகிதம் கர்ப்ப காலத்திலும், பேறு முடிந்து 42 நாட்களுக்குள்ளும் நேரும் இறப்புகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அவ்வரம்பைத் தாண்டியும் தாயைத் தாக்கவல்ல இதய நோய் ஒன்றுண்டு.

கர்ப்பத்தின் இறுதி மாதத்திலோ, குழந்தை பிறந்து ஐந்து மாதங்களுக்குள்ளோ, முன்பு இதய நோய் இல்லாத பெண்ணின் இதயத் தசை தளர்ந்துவிடுவதுண்டு. இதனை மகப்பேற்றுக் கால இதயத்தசை நோய் என்பர். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேற்றுவது இயல்பு. இந்நோயில் அது பெரும்பாலும் 45 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிவிடுகிறது. இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தோருக்கும், கர்ப்ப கால மிகை இரத்த அழுத்தம் உடையோருக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

நோயின் அறிகுறிகள் பேறுகாலத்தின் இயல்பான சோர்வைப் போலவே தோன்றுவதுதான் இடர்ப்பாடு. சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்காருதல், இரவில் இருமல், கால் வீக்கம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டார் ஆறுதல் கூறுவர். இரத்தசோகை என்றோ ஆஸ்துமா என்றோ கருதி மருந்து தரப்படுவதும் உண்டு. எக்கோ பரிசோதனை ஒன்றே ஐயத்தைத் தீர்க்கும்.

உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ, அதற்கு மேற்பட்டோருக்கோ இதயம் மீண்டும் வலுப்பெறுகிறது. ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும். மாத்திரைகளை இடைவிடாது உட்கொள்ள வேண்டும். உணவில் உப்பைக் குறைக்க வேண்டும். பளுவான வேலைகளைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் ஊட்டுவது குறித்து மருத்துவரே முடிவு கூற வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பக்கூடும் என்பதால், கணவனும் மனைவியும் மருத்துவருடன் கலந்து குடும்பநலத் திட்டத்தை வகுத்துக்கொள்வது இன்றியமையாதது. கைக்குழந்தையுடன் இத்தனையையும் அவள் தனியே தாங்குதல் அரிது. வீட்டு வேலையைப் பிறர் பகிர்ந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அரசின் ஏற்பாடுகள் பல இதற்குத் துணையாக உள்ளன. மகப்பேற்றினால் உண்டாகும் நோய்க்கு ஊதியத்துடன் மேலும் ஒரு மாதம் வரை விடுப்புப் பெற 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் வழி செய்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை இடம்பெற்றுள்ளது. ஆனால் அமைப்புசாராத் தொழிலில் உழைக்கும் பெண்களில் மிகப் பலருக்கு விடுப்பு என்பதே இல்லை. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான மருந்தும் இதில் அடங்கும். அதற்குப் பிந்தைய மாதங்களுக்கான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாமல் கிடைத்தாலன்றி, ஏழைக் குடும்பம் சிகிச்சையைப் பாதியில் கைவிட நேரும்.

மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டிற்கு ஆஷா பணியாளர் 3-ஆம் நாள் முதல் 42-ஆம் நாள் வரை ஆறு முறை செல்கிறார். அதன் பின்னர்ப் பணியாளரின் கவனம் பெரிதும் குழந்தையின் மீதே திரும்புகிறது. ஆயினும் தடுப்பூசிக்காக 6, 10, 14-ஆம் வாரங்களில் குழந்தையைத் தூக்கி வருபவள் பெரும்பாலும் தாயே. படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, கால் வீங்கியுள்ளதா, இரவில் இருமல் உண்டா என்னும் மூன்று கேள்விகளைச் செவிலியர் அப்போது கேட்கலாம். நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கலாம். ஐயம் எழுந்தால் அன்றே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். இதற்குப் புதிய பணியிடமோ கட்டடமோ தேவையில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் தாய்க்கும் ஒரு வரி ஒதுக்கினால் போதும்.